நர்சம்மா போட்ட ஏழு கட்டம்

எங்கள் நகரில் நர்சம்மா வீட்டைத் தாண்டிப் போகிறவர்கள் வாயை இறுக்கி மூடிக்கொண்டுதான் போவார்கள். எதைச் சொன்னாலும் எழுதிவிடுவார் என்ற பயம். “காலையில ரெண்டு தேங்காய் காணோம் நர்சம்மா” என்று பேச்சுவாக்கில் சொன்னால் போதும். “கொஞ்சம் இருங்க” என்று உள்ளே போய், நீளமான கோடு போட்ட நோட்டையும் மூக்குக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். “எத்தினி மணிக்குப் பாத்தீங்க? மதில் ஓரத்து மரமா, மோட்டார் பக்கத்து மரமா?” என்று ஆரம்பித்தால் சொன்னவருக்கு ஏன் வாயைத் திறந்தோம் என்று ஆகிவிடும்.

நோட்டில் ஏழு கட்டம். ஸ்கேல் வைத்து, சிவப்பு மையில், கோடு ஒன்றுகூடப் பிசகாமல் போட்டிருப்பார். தேதி, நேரம், தெரு, என்ன நடந்தது, பெயர், வண்டி எண், ஸ்டேஷனில் சொன்னதா. இந்தக் கடைசிக் கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை ‘இல்லை’, ‘இல்லை’, ‘இல்லை’ என்று வரிசையாக இறங்கிக்கொண்டே போகும். நான் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். எல்லாக் கேள்விக்கும் ஒரே விடை எழுதிய தேர்வுத்தாளைப் பார்த்தால் வருகிற எரிச்சல் அந்த நோட்டைப் பார்த்தாலும் வரும். எழுதுகிற அந்த அம்மாமேல்தான் எரிச்சல்பட்டேன். இப்போது நினைத்தால் எனக்கே என்மேல் ஆத்திரமாக வருகிறது.

அவருக்குப் பெயர் இல்லாமல் இல்லை. வீட்டு வாசலில் சின்னப் பலகையில் எழுதிக்கூட வைத்திருந்தார். ஆனால் யாரும் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது. எல்லோருக்கும் நர்சம்மா. கல்வராயன் மலையில் கிராம சுகாதார செவிலியராக ஆயுசில் பாதியைக் கழித்துவிட்டு, ஓய்வு பெற்ற பணத்தில் இங்கே வீடு கட்டிக்கொண்டு வந்தவர். கணவர் காலமாகிவிட்டார். மகன் ஓசூரில் வேலை. ஞாயிற்றுக்கிழமை வெள்ளைப் புடவையில் குடையோடு சர்ச்சுக்குப் போவார். மற்ற ஆறு நாளும் அதே குடையோடு எங்கள் மூன்று தெருவையும் சுற்றி வருவார்.

எங்கள் நகரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கள்ளக்குறிச்சியிலிருந்து தியாகதுருகம் போகிற வழியில், கரும்புக்காடாக இருந்த இடத்தில் மஞ்சள் கல் நட்டுப் பிளாட் போட்டார்கள். நாற்பது வீடு வந்திருக்கிறது. மீதி இடமெல்லாம் சீமைக்கருவேல முள். இங்கே வீடு கட்டியிருக்கிற ஒவ்வொருத்தருக்கும் விற்பதற்கென்று இன்னொரு பிளாட் கையில் இருக்கும். எங்களுக்கும் ஒன்று இருந்தது. பெண்ணை நர்சிங் சேர்க்க அதைத்தான் நம்பியிருந்தோம். என் வீட்டுக்காரர் பெயிண்ட் கடை வைத்திருப்பவர், நகர் நலச் சங்கத்துக்குச் செயலாளர் வேறு. நகர் முகப்பில் அவர் வைத்த பிளெக்ஸ் இப்போதும் இருக்கிறது. ‘அமைதியான, பாதுகாப்பான குடியிருப்பு. இதுவரை ஒரு திருட்டுகூட நடந்ததில்லை’ என்று பச்சை எழுத்தில் போட்டிருக்கும்.

நடந்ததில்லை என்பதற்கு அர்த்தம், யாரும் சொன்னதில்லை என்பதுதான். பைக்கில் பெட்ரோல் போகும். போர் மோட்டாரின் செம்பு ஒயரை அறுத்துக்கொண்டு போவார்கள். படிக்கட்டுக்கு அடியில் சங்கிலி போட்டு வைத்த கேஸ் சிலிண்டர் சங்கிலியோடு போகும். பறிகொடுத்தவர் பக்கத்து வீட்டுக்காரரிடம்கூடச் சொல்ல மாட்டார். சொன்னால் போலீஸ் கேஸ், கேஸ் என்றால் பேப்பர், பேப்பரில் வந்தால் பிளாட் விலை இறங்கிவிடும். பறிகொடுத்தவரே திருடனுக்குக் காவல் நின்ற கதைதான் எங்கள் நகரில் நடந்தது.

ஒரு முறை சங்கக் கூட்டத்தில் முகப்புக் கம்பத்தில் கேமரா மாட்டியாகிவிட்டது என்று என் வீட்டுக்காரர் பெருமையாக அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். நர்சம்மா எழுந்து, “கேமரா ஒயர் எங்க சார் போவுது?” என்றார்.

“எங்க போவும்? ரெக்கார்டு ஆவற எடத்துக்குத்தான்.”

“நான் பின்னாலயே போய்ப் பாத்தேன் சார். வேப்பமரத்துக் கெளைல சுருட்டி வெச்சிருக்கு. அங்கியே முடிஞ்சிடுது.”

கம்பத்தில் இருந்தது வெறும் கூடு. உள்ளே ஒன்றும் கிடையாது. திருடனுக்குப் பயம் வந்தால் போதாதா என்று என் வீட்டுக்காரர் அன்று வீட்டில் என்னிடம் கத்தினார். எந்தத் திருடன் ஒயரைப் பிடித்துக்கொண்டு நடந்து பார்ப்பான், இந்த அம்மாவைத் தவிர, என்று நானும் சொல்லிச் சிரித்தேன்.

மூன்றாம் தெருவில் உரக்கடைக்காரர் குடும்பம் சின்னசேலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த இரண்டு நாளில் பூட்டை உடைத்து நகையை எடுத்துவிட்டார்கள். அவர் மனைவி திரும்பி வந்து பார்த்ததும் முதலில் செய்த வேலை, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டதுதான். திருடன் கால் பட்ட வீட்டில் எப்படி விளக்கேற்றுவது? மஞ்சள் கரைத்துத் தரை, கதவு, பீரோ எல்லாவற்றையும் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் நாலு பெண்கள் உதவிக்குப் போய் நின்றோம். நானும் ஒரு துணியை எடுத்துப் பீரோ கைப்பிடியைத் துடைத்தேன்.

நர்சம்மா ஓடி வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். “ஐயோ, தொடாதீங்க! கைரேகை எடுக்கணும். எல்லாத்தையும் தொடைச்சிட்டீங்களே.”

“நீங்க சும்மா இருங்க நர்சம்மா. ஒங்க சாமிக்கு இதெல்லாம் இல்ல. எங்க வூட்ல தீட்டு ஆவாது” என்றார் உரக்கடைக்காரர் மனைவி.

“ஸ்டேஷனுக்காவது போனீங்களா?”

“பொண்ணுக்கு வரன் பேசிக்கினு இருக்கோம். பொண்ணு நகையே போச்சின்னு தெரிஞ்சா அவங்க வருவாங்களா? விருத்தாசலத்துக்குப் போறோம். சாமி பாத்துக்கும்.”

விருத்தாசலம் பக்கத்து முருகன் கோயிலைத்தான் சொன்னார். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். அங்கே சாமிக்குப் பிராது எழுதிக் கட்டுவார்கள். வெள்ளைத்தாளில் பெயர், ஊர், என்ன பறிபோனது, யார்மேல் சந்தேகம் என்று மனு எழுதுவது போலவே எழுதி, சாமியிடம் வைத்து, சுருட்டி, நூல் சுற்றி வேலில் கட்டிவிட்டு வர வேண்டும். மூன்று மாதத்துக்குள் சாமி தீர்த்துவைக்கும் என்பது நம்பிக்கை. போலீசிடம் வாய் திறக்காதவர்கள் சாமியிடம் ஒன்றுவிடாமல் எழுதுவார்கள்.

நர்சம்மா அதைக் கேலி செய்யவில்லை. “நல்லதுங்க. போய்க் கட்டுங்க. கட்டறதுக்கு முன்னாடி ஒரு ஜெராக்ஸ் எடுத்து ஸ்டேஷன்லயும் குடுத்துடுங்க” என்றார். எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பல நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ‘சாமிக்கு ஒரிஜினல், சப்-இன்ஸ்பெக்டருக்கு ஜெராக்ஸ்’ என்பது எங்கள் நகரின் நிரந்தர ஜோக்காகிவிட்டது.

என் முறை வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. சாயங்காலம், வெளிச்சம் நன்றாகவே இருந்தது. பள்ளியிலிருந்து வந்து ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுக் கேட்டைச் சாத்திக்கொண்டிருந்தேன். ஒரு பைக் வந்து நின்றது. முப்பது வயதுக்காரன், அயர்ன் செய்த சட்டை, நெற்றியில் விபூதி. “மேடம், இங்க பிளாட் ஒன்னு விலைக்கு இருக்காமே, எதுங்க அது?” என்றான்.

அந்தக் கேள்விக்காக இரண்டு வருடமாகக் காத்துக்கொண்டிருந்த வீடு எங்களுடையது. கேட்டைத் திறந்துகொண்டு நானே அவன் பக்கத்தில் போனேன். “எங்களுதுதாங்க, அதோ அந்தப் புங்கமரம் தெரியுதா, அதுக்கு அந்தாண்ட” என்று கையை நீட்டிக் காட்டினேன். கை நீட்டியபடி இருக்கும்போதே கழுத்தில் சுருக்கென்று இழுத்தது. தாலிக்கொடி அவன் கையில். வண்டி பத்தடி தாண்டிவிட்டது. கத்த வரவில்லை. ஆனால் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த வண்டி எண்ணைப் பார்த்தாலும் மனதுக்குள் கூட்டிவிடுவேன். அன்றும் கூட்டினேன். கடைசி நான்கு எண்ணையும் கூட்டினால் பத்தொன்பது. எண் முழுசாக மனதில் நின்றது.

முதலில் வந்தது நர்சம்மாதான். பஞ்சையும் மருந்தையும் கையோடு கொண்டு வந்து, கழுத்தில் அறுபட்ட கோட்டைத் துடைத்துவிட்டார். நான் நடந்ததைச் சொல்லி அழுதேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை, தண்ணீர் குடிக்கவைத்தார். அதற்குள் என் மாமியார் பூஜையறையிலிருந்து மஞ்சள் கயிற்றோடு ஓடி வந்தார். தகவல் கேட்டுக் கடையிலிருந்து வந்த என் வீட்டுக்காரரை அவசரமாகக் கட்டச் சொல்லிவிட்டு, “இத்த யாருகிட்டயும் மூச்சு வுடக்கூடாது. தாலி போச்சின்னு பொம்பள வெளில சொல்லுவாளா? எம் புள்ள உசுரு” என்றார்.

“அடுத்த வாரம் பிளாட் பாக்க ரெண்டு பார்ட்டி வராங்க” என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கு அதுதான் கவலை. குறை சொல்லவில்லை, எனக்கும் அது கவலைதான்.

மறுநாள் சனிக்கிழமை. முருகன் கோயிலுக்குப் போனோம். நான் எழுதிய பிராதைப் படித்தால் எந்த இன்ஸ்பெக்டரும் பாராட்டியிருப்பார். நேரம், அவன் உயரம், சட்டை நிறம், வண்டியின் இடது பக்கக் கண்ணாடி உடைந்திருந்தது, எண் முழுவதும். ஒன்றரைப் பக்கம் எழுதிச் சுருட்டி, நூல் சுற்றி, வேலில் இடம் தேடிக் கட்டிவிட்டு வந்தேன். மனசு லேசாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து நர்சம்மா நோட்டோடு வந்தார். வீட்டில் நான் மட்டும் இருந்தேன்.

“டீச்சர், நீங்க கணக்கு டீச்சர். வண்டி நம்பர் பாத்திருப்பீங்க.”

“பாத்தேன். ஆனா சொல்ல மாட்டேன் நர்சம்மா. சாமிகிட்ட குடுத்துட்டு வேற எடத்துலயும் குடுத்தா சாமிய நம்பாத மாதிரி ஆயிடும்னு அத்தை சொல்றாங்க. எம்பேரும் எழுதாதீங்க, கும்புடறேன்.”

அவர் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். அன்றுதான் மலையைப் பற்றி முதலும் கடைசியுமாகச் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமாம். கச்சிராயபாளையம் தாண்டி பஸ் இறங்கி, மரவள்ளிக் காட்டு வழியே நாலு மணி நேரம் ஏறிப் போக வேண்டிய ஊர். பிரசவத்தில் ஒரு குழந்தை இறந்துவிட்டது. குடும்பத்துப் பெரியவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியிருக்கிறார்கள், எழுதினால் போலீசு வரும், எழுதாதே என்று. இவரும் இரக்கப்பட்டு விட்டுவிட்டார். அடுத்து இன்னொரு வீட்டில். அதையும் எழுதவில்லை. அப்புறம் அந்த ஊருக்கு ஒரு ஜீப் வேண்டும் என்று கேட்கப் போனபோது, “அங்க ஒன்னும் ஆவலையேம்மா, ஒன் ரிஜிஸ்டர்லயே எல்லாம் நல்லாத்தான இருக்கு” என்று இவர் எழுதியதையே எடுத்துக் காட்டியிருக்கிறார்கள்.

“நான் எழுதாத வுட்டது ரெண்டு டீச்சர். மூணாவதா, மொதல்ல புள்ளயப் பறிகுடுத்தவளோட தங்கச்சி. தாயும் போச்சி, புள்ளயும் போச்சி. இருந்தா அந்தப் புள்ளைக்கு இப்ப ஒங்க வயசு இருக்கும்” என்றார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. “எழுதாட்டி நடக்கவே இல்லன்னு ஆயிடும். நடக்காத எடத்துக்கு யாரு வருவாங்க?”

இதைக் கேட்டுவிட்டும் நான் சொல்லவில்லை. கண் கலங்கியது, காபி போட்டுக் கொடுத்தேன், நம்பரை மட்டும் சொல்லவில்லை. அவர் நோட்டைத் திறந்து தேதி, நேரம், தெரு எழுதினார். ‘செயின் பறிப்பு’ என்று எழுதினார். “பேரும் நம்பரும் காலியா வுடறேன். என்னிக்குத் தோணுதோ நீங்களே வந்து எழுதுங்க” என்றார். கடைசிக் கட்டத்தில் வழக்கமாக எழுதும் ‘இல்லை’யையும் எழுதாமல் விட்டார். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதே போல வெளிச்சமுள்ள சாயங்காலம். நர்சம்மா முதல் தெருவில் எரியாத விளக்குக் கம்பங்களைக் குறித்துக்கொண்டு வந்திருக்கிறார். பைக் வந்து நின்றிருக்கிறது. பிளாட் எங்கே என்ற அதே கேள்வி. இவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. பதில் சொல்லாமல் வண்டி எண்ணைக் குறிக்க நோட்டை விரித்துக்கொண்டு பின்பக்கம் போயிருக்கிறார். அவன் எட்டிக் கழுத்துச் செயினைப் பிடித்துவிட்டான். சிலுவை கோத்த மெல்லிய செயின். இவர் விடவில்லை. வண்டி கிளம்பியது, கொஞ்ச தூரம் இழுபட்டு விழுந்தார். கண்ணாடி எங்கேயோ தெறித்துவிட்டது. கண்ணாடி இல்லாமல் அவருக்குப் பக்கத்தில் நிற்கிற ஆளின் முகமே தெரியாது, ஓடுகிற வண்டியின் எண் எங்கே தெரியும்?

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆம்புலன்சில் ஏற்றும்போது, “நோட்டு, நோட்டு” என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார். நான்தான் பொறுக்கிக் கொடுத்தேன். ஆஸ்பத்திரியில் படுத்தபடியே புகார் கொடுத்தார். எங்கள் நகரிலிருந்து ஸ்டேஷனுக்குப் போன முதல் புகார் அதுதான்.

இரண்டாம் நாள் ஒரு போலீஸ்காரர் வீடு வீடாக வந்தார். நடுத்தர வயது, மரியாதையாகத்தான் பேசினார். “ஏற்கெனவே ஒருத்தருக்கு இதே மாதிரி நடந்திருக்குன்னு அந்தம்மா சொன்னாங்க. யாருன்னு கேட்டா, அவங்களே வந்து சொல்லுவாங்கன்னுட்டாங்க. ஒங்களுக்கு எதுனா தெரியுங்களா? வண்டி அடையாளம் எதுனா கெடைச்சா ரொம்ப ஒதவியா இருக்கும்.”

என் வீட்டுக்காரர் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் புடவைத் தலைப்பை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டேன். உள்ளே மஞ்சள் கயிறு வேர்த்து ஒட்டிக்கொண்டிருந்தது.

“இல்லீங்க சார். எங்களுக்கு ஒன்னும் தெரியாது” என்றேன்.

அந்த நேரத்தில் நம்பர் எனக்கு மறந்திருக்கவில்லை. நாக்கு நுனியில் இருந்தது. பத்தொன்பது என்று மனசு தன்பாட்டுக்குக் கூட்டிக்கொண்டிருந்தது. என்னை நினைத்தால் எனக்கே கேவலமாக இருக்கிறது, ஆனாலும் இதை மறைக்காமல் எழுத வேண்டும்.

நர்சம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நாலு காலுள்ள ஊன்றுகோல். மகன் சமையல்கட்டில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தான்.

“போலீஸ்காரர் வந்தாரா டீச்சர்?”

“வந்தாரு நர்சம்மா.”

“ம்.”

திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் தலையணைக்கு அடியிலிருந்து நோட்டை எடுத்தார். என் வரி இருக்கிற பக்கத்தைப் புரட்டி, காலியாக விட்டிருந்த கடைசிக் கட்டத்தில், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நிதானமாக ‘இல்லை’ என்று எழுதினார். மூடியைப் பேனாவில் மாட்டினார். “ஆரஞ்சு வாணாம் டீச்சர், எனக்கு சளி புடிக்கும். கொழந்தைக்குக் குடுங்க” என்றார்.

மகன் அவரை ஓசூருக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டான். அவசரத்தில் வீட்டை வந்த விலைக்கு விற்றார்கள். நகர் முழுவதும் குய்யோ முறையோ என்றது, அந்த அம்மாவால் நம் பிளாட் விலை போச்சு என்று. இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், எங்கள் பிளாட்டைப் பார்க்க வந்த பார்ட்டியின் மனைவி காரை விட்டே இறங்கவில்லை. “இந்த நகரா? இங்க செயின் அறுக்கறது ஜாஸ்தின்னு ஊரே சொல்லுதே” என்று சொல்லிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். நாங்கள் பொத்திப் பொத்தி வைத்தது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எழுத வேண்டிய இடத்தில் மட்டும்தான் அது இல்லை.

போகும்போது நர்சம்மா நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு எதற்கு என்றேன். “ரெண்டு கட்டம் பாக்கி இருக்கே டீச்சர்” என்றார். பீரோவில் புடவைகளுக்கு அடியில் போட்டு வைத்தேன். மாதத்துக்கு ஒரு முறை போன் செய்வார். என் பெண் படிப்பு, ஓசூர்க் குளிர் எல்லாம் பேசிவிட்டு, வைக்கிற நேரத்தில், “நம்பர் எழுதிட்டீங்களா?” என்பார். “எழுதணும் நர்சம்மா” என்பேன். எரிச்சலாக இருக்கும். சில மாதம் வேண்டுமென்றே போனை எடுக்காமல் இருந்தேன்.

போன மாசியில் அவர் மகன் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அவர்தான் என்று நினைத்து எடுக்கவில்லை. பிறகு அவனே செய்தி அனுப்பியிருந்தான், அம்மா தவறிவிட்டார் என்று.

அன்றே நோட்டை எடுத்தேன். பெயர்க் கட்டத்தில் என் பெயரை எழுதினேன். அடுத்த கட்டத்துக்குப் பேனாவைக் கொண்டு போனேன். நம்பர் வரவில்லை. பத்தொன்பது மட்டும் வருகிறது. முதல் எண் ஏழா நான்கா, நடுவில் ஒரு சைபர் இருந்ததா, ஒன்றும் தெரியவில்லை. எத்தனையோ தாளில் எத்தனையோ மதிப்பெண் கூட்டிய மண்டை, கூட்டுத்தொகையை வைத்துக்கொண்டு எண்ணைத் தொலைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் முருகன் கோயிலுக்குப் பஸ் ஏறினேன். வேல் முழுக்க, கம்பி முழுக்கச் சுருள் சுருளாகக் காகிதம். வெயிலில் பழுப்பேறியது, மழையில் மை கரைந்தது, நேற்றுக் கட்டிய புதுசு. போன நகை, போன ஆடு, போன நிலம், அடித்தவன், ஏமாற்றியவன். இரண்டு மாவட்டத்தில் எந்த ஸ்டேஷனுக்கும் போகாத வழக்கெல்லாம் அங்கே நூல் சுற்றிக் கிடந்தது. நான் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தேன். அங்கே வேலை பார்க்கிற பெரியவர் ஒருவர் ஓடி வந்தார்.

“யம்மா, அத்தெல்லாம் தொடக்கூடாது. இன்னா வோணும்? பிராது வாபஸா?”

“நான் எழுதுனதுல ஒரு நம்பர் பாக்கணும் ஐயா.”

“எப்பக் கட்டுனது?”

சொன்னேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். “பழசெல்லாம் அவுத்து எடுத்துடுவாங்கம்மா. புதுசு கட்ட எடம் வோணாமா? சாமி படிச்சிருக்கும், போ.”

சாமி படித்திருக்கும். எனக்கும் அதில் சந்தேகம் இல்லை. ஆனால் நர்சம்மா ஜெராக்ஸ் எடுக்கச் சொன்னாரே என்று அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். எந்த ஜோக்குக்கு அத்தனை நாள் சிரித்தோமோ, அதுவே அழவைத்தது.

மறுநாள் பள்ளிக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். வீட்டில் சொல்லவில்லை, சொன்னால் நடக்காது. எழுதுகிற இடத்தில் ஒரு பெண் காவலர் இருந்தார், என் பழைய மாணவி வயது. எல்லாவற்றையும் சொன்னேன். நிமிர்ந்து பார்த்தார்.

“இத்தினி நாளா இன்னா மேடம் பண்ணீங்க?”

“சாமிகிட்ட சொல்லிட்டு இருந்தேன்.”

அவர் சிரிக்கவில்லை. “எங்க வூட்லயும் அப்படித்தான் மேடம்” என்றார். எழுதிக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நிறுத்தி, “வண்டி நம்பர்?” என்றார்.

“கூட்டினா பத்தொம்போது வரும்மா.”

“அத்த வெச்சி நான் இன்னா மேடம் பண்றது?”

ரசீது கொடுத்தார். வீட்டுக்கு வந்து நர்சம்மாவின் நோட்டைத் திறந்து, கடைசிக் கட்டத்தில் அவர் எழுதிய ‘இல்லை’யை அடிக்காமல், அதன் கீழேயே சின்ன எழுத்தில் ‘ஆம்’ என்று எழுதித் தேதி போட்டேன். என் வீட்டுக்காரர் ரசீதைப் பார்த்துவிட்டு நான்கு நாளாக என்னோடு பேசவில்லை. பேசாமல் இருக்கட்டும்.

வண்டி எண் கட்டம் காலியாகவே இருக்கிறது. நான்கு இலக்கம் கூட்டினால் பத்தொன்பது வருகிற எண்கள் மொத்தம் எத்தனை என்று போட்டுப் பார்த்தேன். அறுநூற்று அறுபது. அதில் ஒன்றுதான் அவன். நான் சொல்லியிருந்தால் ஒன்றாக இருந்தது, சொல்லாததால் அறுநூற்று அறுபது ஆகிவிட்டது.

இப்போது சாயங்காலம் பள்ளி விட்டு வந்ததும் கேட்டண்டை நின்றுவிடுகிறேன். போகிற வண்டி, வருகிற வண்டி எல்லாவற்றையும் கூட்டுகிறேன். பதினேழு, இருபத்திரண்டு, ஒன்பது. நேற்றுப் பால்காரர் புது வண்டியில் வந்தார், கூட்டினால் பத்தொன்பது. அவரை ஏழு வருடமாகத் தெரியும், தங்கமான மனுஷர். இருந்தாலும் இடது பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன், முகத்தையும் ஒரு தடவை உற்றுப் பார்த்தேன்.

“இன்னா டீச்சர் அப்படிப் பாக்கறீங்க?” என்றார்.

“ஒன்னுமில்ல” என்று சொல்லிவிட்டு, பாலை வாங்கிக்கொண்டு, அவர் திரும்பிப் போகும்போது நம்பரைக் கையில் எழுதிக்கொண்டேன்.